மிச்சம் இருக்கிற மூலையில டிரான்ஸ்ஃபார்மரை வைக்காதீங்க

போன வருஷம் மேடவாக்கம் பக்கம் ஒரு அப்பார்ட்மென்ட்ல இருந்து கூப்பிட்டாங்க. ரெண்டாவது மாடியில ஒரு அம்மா, எழுபது வயசு இருக்கும், ராத்திரி தூக்கமே இல்ல தம்பி, தலைக்குள்ள யாரோ மாவு மில்லு ஓட்டற மாதிரி இருக்குன்னாங்க. பையன் ஹால்ல படுக்கறவர், அவருக்கு அப்படி ஒரு சத்தமே கேக்கல, அதனால அம்மாவுக்குத்தான் காதுல ஏதோ கோளாறுன்னு டாக்டர்கிட்ட காட்டி, மாத்திரை எல்லாம் குடுத்து, அதுக்கப்புறம்தான் யாரோ சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்காங்க. நான் ஹெச்டி லைன், அதாவது உயர் அழுத்த மின் லைன், டிரான்ஸ்ஃபார்மர் வேலை எடுத்துப் பண்றவன். பகல்ல போய் நின்னா மெயின் ரோடு லாரி சத்தத்துல ஒண்ணும் தெரியல. ராத்திரி பதினொண்ணரைக்கு திரும்பப் போனேன். பெட்ரூம் ஜன்னல் கம்பியில விரலை வெச்சேன், தேனீக்கூட்டைத் தொட்ட மாதிரி விர்ர்னு ஒரு துடிப்பு. கீழ எட்டிப் பாத்தா நேர் கீழ, ரெண்டு காம்பவுண்ட் சுவர் சேர்ற மூலையில, 500 கேவிஏ (அதோட திறனைச் சொல்ற அளவு) டிரான்ஸ்ஃபார்மர் நிக்குது.

கட்டில் தலைமாடு சுவரை ஒட்டி இருந்துச்சு. அதை மூணு அடி உள்ள இழுத்துப் போடச் சொன்னேன். படுத்துப் பாருங்கம்மான்னேன். கண்ணை மூடி கொஞ்ச நேரம் படுத்திருந்தாங்க, அப்புறம் எந்திரிச்சு உக்காந்து "அப்ப எனக்கு காது நல்லாத்தான் இருக்கா தம்பி?"ன்னு கேட்டாங்க. அந்தக் கேள்விதான் என்னை இதை எழுத வெச்சது. ஒரு மனுஷி ஒண்ணரை வருஷமா தன் காது மேல சந்தேகப்பட்டு இருந்திருக்காங்க. தப்பு அந்த மூலையிலதான்.

பிளான் போடறப்ப என்ன நடக்குதுன்னா, முதல்ல வீடுங்க, அப்புறம் கார் பார்க்கிங், லிஃப்ட், தண்ணித் தொட்டி, ஜெனரேட்டர், சின்னதா ஒரு பிள்ளையார் கோயில், இதெல்லாம் வந்தப்புறம் எங்கேயாச்சும் ஒரு மூலை மிச்சம் இருக்கும், அங்க பென்சில்ல ஒரு சதுரம் போட்டு 'டிஆர்' அப்படின்னு எழுதிடுவாங்க. கட்டிடம் எழும்பி கிரகப்பிரவேசம் முடிஞ்சு குடி வந்தப்புறம்தான் சத்தம் தெரியும், சூடு தெரியும், பயம் தெரியும். அப்ப மாத்தணும்னா கேபிள் தோண்டி எடுக்கணும், பீடம் புதுசா கட்டணும், எர்த் பிட் (கோளாறு கரண்டை மண்ணுக்குள்ள இறக்கற குழி) எல்லாம் திரும்பப் போடணும், மின் ஆய்வாளர் அலுவலகத்துல திரும்ப அனுமதி வாங்கணும். ஆரம்பத்துல பேப்பர்ல ஒரு கோடு மாத்தினா முடிஞ்சிருக்க வேண்டிய வேலை.

முதல்ல இந்த சத்தம் எங்க இருந்து வருதுன்னு பாப்போம். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஓடற பாகம்னு எதுவும் கிடையாது. நம்ம ரோட்ல இருக்கற சைஸ்ல ஃபேன் கூட கிடையாது. ஆனா உள்ள இருக்கற இரும்புக் கோர், மெல்லிய தகடு தகடா அடுக்கினது, காந்தம் ஏறும்போது இம்மியளவு நீண்டு காந்தம் இறங்கும்போது பழையபடி ஆகும். தலைமுடி கனத்துல ஒரு சின்னப் பங்குதான் அந்த அசைவு, ஆனா அத்தனை தகடும் சேர்ந்து அசையுது. நம்ம கரண்ட் செகண்டுக்கு 50 சுத்து. ஒவ்வொரு சுத்துலயும் காந்தம் ஒரு தடவ இந்தப் பக்கம், ஒரு தடவ அந்தப் பக்கம் ஏறும், இரும்புக்கு எந்தப் பக்கம்னு கணக்கில்ல, ரெண்டு தடவையும் ஒரே மாதிரிதான் அசையும். அதனால செகண்டுக்கு 100 தடவ. அந்த 100 ஹெர்ட்ஸ்தான் நமக்குக் கேக்கற 'ம்ம்ம்ம்', அது கூட 200, 300, 400ன்னு அதோட மடங்குங்களும் கலந்து வரும்.

இதுல ஒரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது. லோடு குறைஞ்சா சத்தம் குறையும்னு நினைக்கறாங்க. குறையாது. கோர் சத்தம் லோடைப் பொறுத்தது இல்ல, வோல்டேஜைப் பொறுத்தது. ராத்திரி எல்லாரும் படுத்தப்புறம் ஃபீடர்ல, அதாவது ஏரியாவுக்குக் கரண்ட் கொண்டு வர்ற லைன்ல, லோடு இறங்கும், வோல்டேஜ் கொஞ்சம் ஏறும், அப்ப கோர்ல காந்தம் கூடும், சத்தமும் கூடும். ஊரே அடங்கின நேரத்துலதான் டிரான்ஸ்ஃபார்மர் அதிகமா உறுமுதுன்னு யாராவது சொன்னா அது பிரமை இல்ல, நிஜமாவே அப்படித்தான், சுத்தி இருக்கற சத்தமும் குறைஞ்சு இதோட சத்தமும் கூடி ரெண்டும் ஒரே நேரத்துல நடக்குது.

சரி, அளந்து பாக்கலாம்னா அங்க இன்னொரு பிரச்சினை. 2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதிப்படி குடியிருப்புப் பகுதியில பகல்ல 55 டெசிபெல், ராத்திரி பத்துல இருந்து காலை ஆறு வரைக்கும் 45. ஆஸ்பத்திரி, ஸ்கூல் மாதிரி அமைதி மண்டலம்னா 50, 40. இந்த டெசிபெல் சாதாரண டெசிபெல் இல்ல, மனுஷக் காதுக்கு ஏத்த மாதிரி திருத்தினது, 'ஏ' டெசிபெல்னு சொல்லுவாங்க. அந்தத் திருத்தத்துல 100 ஹெர்ட்ஸ் சத்தத்துக்கு கிட்டத்தட்ட 19 டெசிபெல் கழிச்சிடுவாங்க. அதாவது நம்ம டிரான்ஸ்ஃபார்மரோட முக்கியமான சத்தத்தையே மீட்டர் பெருசா எடுத்துக்கறதில்ல. மீட்டர் 43ன்னு காட்டும், விதிக்குள்ளதான் இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிடுவாங்க, அந்த வீட்டுக்காரங்க விட்டத்தைப் பாத்துட்டு படுத்திருப்பாங்க. அதனால மீட்டரை மட்டும் நம்பி இடம் முடிவு பண்ணாதீங்கன்னு நான் யார்கிட்டயும் சொல்லுவேன்.

இப்ப மூலைக்கு வருவோம். 500 கேவிஏ எண்ணெய் டிரான்ஸ்ஃபார்மர் ஒண்ணை பக்கத்துல நின்னு அளந்தா 55, 56 டெசிபெல் சுத்தி இருக்கும். திறந்த வெளியில வெச்சா தூரம் ரெண்டு மடங்காக ஆக 6 டெசிபெல் குறையும். மூணு மீட்டர்ல இருந்து ஆறு மீட்டர் போனா 6, ஆறுல இருந்து பன்னெண்டு போனா இன்னொரு 6. ஆனா பக்கத்துல ஒரு சுவர் இருந்தா அந்தப் பக்கம் போற சத்தம் எல்லாம் இந்தப் பக்கம் திரும்பி வரும், 3 டெசிபெல் ஏறும். ரெண்டு சுவர் சேர்ற மூலைன்னா 6 ஏறும். நீங்க ஆறு மீட்டர் தள்ளி வெச்சு சம்பாதிச்சதை மூலை அப்படியே திருப்பி எடுத்துக்குது. தோராயமா கணக்கு போட்டா திறந்த இடத்துல ஆறு மீட்டர்ல 44 வர வேண்டியது மூலையில 50 வந்து நிக்கும். முதல் எண்ணு ராத்திரி விதிக்கு உள்ள, அடுத்தது வெளிய. அதே டிரான்ஸ்ஃபார்மர், அதே தூரம்.

அப்புறம் அந்த அம்மாவோட கட்டில். 100 ஹெர்ட்ஸ் சத்தத்தோட அலைநீளம் நம்ம ஊரு வெயிலுக்கு மூணரை மீட்டர், அதாவது பதினொண்ணரை அடி. சென்னையில கட்டற பெட்ரூம் நிறைய பத்துக்குப் பதினொண்ணு, பத்துக்குப் பன்னெண்டு அடி. ரூம் நீளமும் அலை நீளமும் ஏறக்குறைய ஒண்ணா அமைஞ்சிடுது. அப்ப சத்தம் ரூமுக்குள்ள நின்னுடும், சுவரை ஒட்டியும் நடு ரூம்லயும் அதிகமாவும், சுவர்ல இருந்து மூணடி தள்ளி ரொம்பக் கம்மியாவும் இருக்கும். நாம எல்லாரும் தலைமாட்டை சுவரை ஒட்டித்தான் போடறோம். பையனுக்கு ஹால்ல கேக்காததும் இதனாலதான், ஹாலோட அளவு வேற. டிரான்ஸ்ஃபார்மர் சத்தம்னு யாராவது வீட்ல ஒருத்தர் மட்டும் சொன்னா தயவுசெஞ்சு அவங்க படுக்கற இடத்துலயே, அவங்க தலை வெக்கற இடத்துல தலை வெச்சு கேட்டுப் பாருங்க. கட்டிலை இழுக்கறது ஒரு தற்காலிக ஏற்பாடுதான், ஆனா அன்னைக்கு ராத்திரியே பலன் தரும்.

மரம் நட்டா சத்தம் போயிடும்னு அசோசியேஷன் மீட்டிங்ல கண்டிப்பா ஒருத்தர் சொல்லுவார். இந்த சத்தத்துக்கு மரம் ஒண்ணும் பண்ணாது. ஆறடிச் சுவர் எழுப்பினாலும் பெரிய பலன் இல்ல, மூணரை மீட்டர் அலை அந்தச் சுவர் மேல வளைஞ்சு ஏறிப் போயிடும். மூணு பக்கமும் சுவர் எழுப்பி மூடறது இன்னும் மோசம், சத்தம் உள்ள மோதி மோதி திறந்த பக்கமா மொத்தமா வரும், சூடும் உள்ளேயே தங்கிடும். அந்த சூடு சின்ன விஷயம் இல்ல. 500 கேவிஏ முழு லோடுல ஓடினா ரெண்டு கீசர் நாள் பூரா ஓடற அளவுக்கு வெப்பத்தை வெளிய தள்ளும். அதுக்குக் காத்து வேணும். உள்ள இருக்கற காயிலைச் சுத்தின பேப்பர் இன்சுலேஷன், வழக்கமான சூட்டுக்கு மேல ஆறு ஏழு டிகிரி கூடிட்டே இருந்தா ஆயுசு பாதியா குறையும்னு இந்தத் துறையில எல்லாரும் வெச்சிருக்கற கணக்கு. சித்திரை வெயில்ல காத்து போகாத மூலையில நிக்கற டிரான்ஸ்ஃபார்மர் சத்தமில்லாம கிழவனாகிட்டு இருக்கு. ஒரு நாள் ஏதோ ஒரு சுருள்ல இன்சுலேஷன் விட்டுப் போகும்.

அங்கதான் பாதுகாப்பு விஷயம் வருது.

உள்ள எண்ணெய் இருக்கு, சில நூறு லிட்டர். சாதாரண மினரல் ஆயில் 140 டிகிரிக்கு மேல சூடானா அதோட ஆவி தீப்பிடிக்கக் கூடியது. உள்ள ஷார்ட் ஆனா எண்ணெய் கொஞ்சம் ஒரு நொடிக்குள்ள கேஸா மாறும், தொட்டி அந்த அழுத்தத்தைத் தாங்காம கிழியும், கொதிக்கற எண்ணெய் வெளிய தெறிக்கும். 2022 மார்ச்ல பெங்களூருல மங்கனஹள்ளி பாலத்துப் பக்கம் ரோட்டோர டிரான்ஸ்ஃபார்மர் வெடிச்சு, டூவீலர்ல போயிட்டிருந்த அப்பாவும் மகளும் மேல எண்ணெய் கொட்டி ரெண்டு பேரும் இறந்து போனாங்க. பொண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, மண்டப வேலையா போயிட்டு வந்துட்டிருந்தாங்க. அவங்க எதையும் தொடல, எங்கேயும் ஏறல, ரோட்ல போனாங்க, அவ்வளவுதான். அந்தச் செய்தியைப் படிச்சப்புறம் ரோட்டோரமா இருக்கற எந்த டிரான்ஸ்ஃபார்மரைப் பாத்தாலும் நான் முதல்ல பாக்கறது, இது வெடிச்சா எண்ணெய் எந்தப் பக்கம் போகும், அந்தப் பக்கம் யார் நிக்கறாங்கன்னுதான்.

பஸ் ஸ்டாப் பக்கத்துல வைக்காதீங்க. சிக்னல்ல வண்டிங்க நிக்கற இடத்துல வைக்காதீங்க. அப்பார்ட்மென்ட்ல ஸ்கூல் வேன் வந்து நிக்கற கேட் ஓரமா நிறைய இடத்துல பாத்திருக்கேன், காலைல எட்டு மணிக்கு இருபது குழந்தைங்க அதோட வேலியில சாஞ்சுட்டு நிக்கும். அழுத்தம் வெளியேற்றற வால்வு, பழைய மாடல்னா வளைஞ்ச குழாய், அது எந்தத் திசையைப் பாத்து இருக்குன்னு கவனிங்க, நடைபாதையைப் பாத்து இருந்தா உடனே திருப்பச் சொல்லுங்க.

அதை விட ஒரு ஆபத்தான இடம் இருக்கு, பேஸ்மென்ட் ரேம்ப் தலைப்பக்கம். மிச்சம் இருக்கற முக்கோண இடம்னு அங்க வெச்சிடறாங்க. எண்ணெய் கசிஞ்சா, எரிஞ்சா, சரிவுலதான் ஓடும், ஓடிப் போய் நிக்கறது பெட்ரோல் டேங்கோட அம்பது கார் நிக்கற இடம். மத்திய மின்சார ஆணையத்தோட பாதுகாப்பு விதியில 2000 லிட்டருக்கு மேல எண்ணெய் இருந்தா எண்ணெய் வடியற குழி கட்டாயம். அப்பார்ட்மென்ட் டிரான்ஸ்ஃபார்மர் அந்த அளவுக்குக் கீழங்கறதால யாரும் குழி வெட்டறதில்ல. விதி கேக்கலன்னாலும் சுத்தி ஒரு சின்ன கட்டு கட்டி உள்ள ஜல்லி நிரப்புங்க. ஜல்லி செய்யற வேலை ரொம்பப் பேருக்குத் தெரியல. கசியற எண்ணெய் ஜல்லி இடுக்குல இறங்கிடும், மேல தீ பரவாது. செடி கொடி முளைக்காது. அதோட மழை நேரத்துல தரைக்கும் நம்ம காலுக்கும் நடுவுல ஒரு தடையா இருக்கும். ஒரு லோடு ஜல்லிக்கு இத்தனை வேலை.

அந்தக் கடைசி வேலையைக் கொஞ்சம் விளக்கறேன். டிரான்ஸ்ஃபார்மர்ல கோளாறு ஆனா கரண்ட் எர்த் கம்பி வழியா மண்ணுக்குள்ள இறங்கும், இறங்கற இடத்துல இருந்து தள்ளித் தள்ளிப் போக வோல்டேஜ் குறைஞ்சிட்டே போகும். அந்த இடத்துல நீங்க நடந்தா ஒரு கால் ஒரு வோல்டேஜ்ல, இன்னொரு கால் வேற வோல்டேஜ்ல. மனுஷனுக்கு கால் இடைவெளி ரெண்டு ரெண்டரை அடி. மாட்டுக்கு முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவுல அஞ்சடி, இதயம் அதுக்கு நடுவுல. மழைக்காலத்துல டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் மாடு செத்துக் கிடக்குதுன்னு வருஷா வருஷம் கேள்விப்படறோமே, அதுக்குப் பெரும்பாலும் காரணம் இதான். கிராமத்துல புல்லு மொளைக்கற ஈரமான இடத்துல, வாய்க்கால் ஓரமா வைக்கறப்ப இதை நினைக்கணும். எர்த் பிட்டுக்கு ஈரம் நல்லதுதான், ஆனா ஆடு மாடு வராதபடி வேலி வேணும், வேலியையும் எர்த் பண்ணணும். இரும்பு சம்பந்தப்பட்ட எதையும் எர்த் பண்ணாம பக்கத்துல விடக்கூடாது. 2023 ஜூலையில உத்தராகண்ட் சமோலியில, அலக்நந்தா கரையில இருக்கற கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துல இரும்புக் கைப்பிடி வழியா கரண்ட் பாஞ்சு 16 பேர் இறந்தாங்க. கைப்பிடிக் கம்பி வழுக்காம பிடிச்சுக்கறதுக்குப் போடறது, அதுவே ஆளைக் கொன்னுடுச்சு.

லைன் இடைவெளி பத்தி சுருக்கமா சொல்லிடறேன், இது எண்ணு விஷயம். 11 கேவி (ஒரு கேவின்னா ஆயிரம் வோல்ட்) வரைக்கும் கட்டிடத்துல இருந்து பக்கவாட்டுல 1.2 மீட்டர், அதுக்கு மேல 33 கேவி வரைக்கும் 2 மீட்டர், மாடிக்கு மேல போனா உயரத்துல 3.7 மீட்டர். நம்ம மாவட்டங்கள்ல நிறைய இடத்துல 22 கேவி இருக்கு, அங்க 2 மீட்டர் கணக்குதான். லைன் இழுக்கறப்ப இடைவெளி சரியா இருக்கும், அப்புறம் வீட்டுக்காரர் முதல் மாடியில பால்கனியை ரெண்டடி வெளிய இழுப்பார், லைன் கம்பி கை எட்டற தூரத்துக்கு வந்துடும். காலி மனைக்குப் பக்கத்துல டிரான்ஸ்ஃபார்மர் வைக்கறப்ப அந்த மனையில நாளைக்கு மூணு மாடி எழும்பும்னு வெச்சுத்தான் இடம் பாக்கணும், இன்னைக்கு இருக்கற வெட்ட வெளியைப் பாத்து இல்ல.

வெள்ளம். 2015 டிசம்பரையும் 2023 டிசம்பர்ல மிக்ஜாமையும் பாத்தவங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல, வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் எல்லாம் எவ்வளவு உயரம் தண்ணி நின்னுச்சுன்னு சுவர்ல கறை இன்னும் இருக்கு. டிரான்ஸ்ஃபார்மர் தொட்டி மூடினது, அதுக்கு உடனே ஒண்ணும் ஆகாது, ஆனா பக்கத்துல இருக்கற எல்டி பேனல் (வீடுகளுக்குப் போற தாழ்வழுத்த கரண்டைப் பிரிக்கற பெட்டி), தெருவோர பில்லர் பாக்ஸ், கேபிள் முனை இதுக்குள்ள தண்ணி ஏறினா ஏரியாவையே அணைக்கணும், தண்ணி வடிஞ்சாலும் காய வெச்சு டெஸ்ட் பண்ணாம போட முடியாது. அதனால பீடம் உயரத்தை ரோட்டு மட்டத்தைப் பாத்து வைக்காதீங்க, ரோடு ஒவ்வொரு தடவ போடறப்பவும் உயரும். சுவர்ல இருக்கற அந்த வெள்ளக் கறையைப் பாத்து, அதுக்கு மேல ஒரு அடி வைங்க.

இங்க எண்ணெய் இல்லாத டிரை டைப் பத்தி கேப்பாங்க. ஐடி பார்க், மால் எல்லாத்துலயும் அதான், காயிலை ரெசின்ல வார்த்தது, எண்ணெயே கிடையாது, தீ பயம் ரொம்பக் கம்மி, கட்டிடத்துக்குள்ளயே வைக்கலாம். சரிதான், கட்டிடத்துக்குள்ள வைக்கணும்னா அதுதான் வைக்கணும். ஆனா அதுல ரெண்டு விஷயம் கவனிக்கணும். ஒண்ணு, அது எண்ணெய் டிரான்ஸ்ஃபார்மரை விட சத்தம் அதிகம், ஏன்னா கோரைச் சுத்தி எண்ணெயும் தொட்டியும் இல்ல, சத்தம் நேரா வெளிய வருது, அதே 500 கேவிஏக்கு நாலஞ்சு டெசிபெல் கூட. அதை தரைத்தளத்துல வெச்சு, ரப்பர் பேட் இல்லாம நேரா கான்கிரீட்ல போல்ட் பண்ணி, வெளிய போற பஸ்பாரையும் (கரண்ட் கொண்டு போற கனமான உலோகப் பட்டை) விறைப்பா சுவர்ல மாட்டிட்டா கட்டிடமே வீணைக் குடம் மாதிரி ஆகிடும், துடிப்பு தூண் வழியா நாலாவது மாடி வரைக்கும் போகும். இன்னொண்ணு, பேஸ்மென்ட்ல வெச்சா தீயில இருந்து தப்பிச்சு தண்ணியில மாட்டும். தாழ்வான ஏரியாவுல பேஸ்மென்ட் டிரான்ஸ்ஃபார்மர் வேணவே வேணாம்ங்கறது என் கருத்து, பம்ப் போட்டிருக்கோம்னு சொல்லுவாங்க, வெள்ளத்துல கரண்ட் போனா அந்த பம்ப் எதுல ஓடும்?

எண்ணெயிலயே நேச்சுரல் எஸ்டர்னு ஒண்ணு வந்திருக்கு, தாவர எண்ணெயில இருந்து எடுக்கறது. அது 300 டிகிரிக்கு மேலதான் பத்தும். விலை கூட. வீடுங்களுக்கு ரொம்ப நெருக்கமா வெச்சே ஆகணும்னு இருக்கற இடத்துல அந்தக் காசு வீண் இல்ல.

தெருவுல வைக்கற டிரான்ஸ்ஃபார்மருக்கு வேற சிக்கல். எல்லாருக்கும் லோ வோல்டேஜ் பிரச்சினை தீரணும், ஆனா டிரான்ஸ்ஃபார்மர் என் வீட்டு வாசல்ல வேணாம். இதை நான் குறையா சொல்லல, யாரா இருந்தாலும் அப்படித்தான் சொல்லுவாங்க. ஆனா ரொம்பத் தள்ளி, சுடுகாட்டு ஓரமா கொண்டு போய் வெச்சா எல்டி லைன் நீண்டு போய் கடைசி வீட்ல ஃபேன் சுத்தாது. லோடு எங்க இருக்கோ அதுக்கு நடுவுல இருக்கறதுதான் மின்சாரத்துக்கு நல்லது, மனுஷனுக்கு விலகி இருக்கறது நல்லது, ரெண்டையும் சேர்க்க நான் பாத்த நல்ல வழி, ஒரே ஒரு பெரிய 500க்குப் பதிலா சின்னச் சின்னதா 63, 100ன்னு பிரிச்சு வைக்கறது. ஒவ்வொண்ணுலயும் எண்ணெய் கம்மி, சத்தம் கம்மி, ஒண்ணு போனா முழுத் தெருவும் இருட்டாகாது. செலவு கூடும், பராமரிக்க வேண்டிய எண்ணிக்கை கூடும், உண்மை. இடம் பாக்கறப்ப பார்க் ஓரம், தண்ணித் தொட்டி வளாகம், மாநகராட்சி இடம், இப்படி பெட்ரூம் ஜன்னல் பாக்காத சுவரைத் தேடணும். வீட்டோட கிச்சன் பக்கம், பாத்ரூம் பக்கம், படிக்கட்டுப் பக்கம் பரவாயில்ல. ஆறு மீட்டர் திறந்த வெளி கிடைச்சா நல்லது, அதுக்கும் மேல கிடைச்சா ரொம்ப நல்லது.

வெச்சப்புறம் கீழ என்ன வருதுன்னும் பாக்கணும். நிழலும் வேலியும் இருக்கறதால இஸ்திரி வண்டி கரி அடுப்போட வந்து நிக்கும், பூக்கடை வரும், குப்பை வந்து சேரும், அந்தக் குப்பையை யாரோ கொளுத்துவாங்க. கோவைக்கொடி கம்பத்துல ஏறி, மேல லைனை இணைக்கற ஜம்பர் கம்பி வரைக்கும் போயிருக்கும். அந்த இஸ்திரிக்காரரும் பூக்காரம்மாவும் பொழைக்க வந்தவங்க, விரட்டிட்டா முடிஞ்சுதுன்னு நினைக்கக் கூடாது, நாலு வீடு தள்ளி ஒரு மர நிழல் அவங்களுக்குக் காட்டணும். லைன்மேன் ஏற, இறங்க, ஏணி சாத்த, வண்டி வந்து தூக்க இடம் வேணும். பழுதான டிரான்ஸ்ஃபார்மரை கிரேன்ல எடுக்கணும், தீயணைப்பு வண்டி கிட்ட வரணும். எட்டடிச் சந்துல வெச்ச டிரான்ஸ்ஃபார்மர் போனா மூணு நாள் இருட்டு, ஏன்னா வண்டியே உள்ள வராது.

கேன்சர் வருமான்னு கேக்கறவங்களுக்கு: காந்தப் புலம் இருக்கு, ஆனா தூரம் போகப் போக ரொம்ப வேகமா குறையும். பொதுமக்களுக்கு சர்வதேச வழிகாட்டுதல் 50 ஹெர்ட்ஸுக்கு 200 மைக்ரோடெஸ்லா, டிரான்ஸ்ஃபார்மர்ல இருந்து சில மீட்டர் தள்ளினா அதுல சின்னப் பங்குதான் இருக்கும். உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2002ல இதை 'ஒருவேளை காரணமா இருக்கலாம்'ங்கற வகையில வெச்சிருக்கு, நிரூபணம் ஆனதா இல்ல. அதனால பயந்து வீட்டை விக்க வேணாம், ஆனா எல்டி பேனல் அறைக்கு நேர் மேல குழந்தைங்க படுக்கற ரூம் வராதபடி பாத்துக்கறது நல்ல பழக்கம். புலம் அதிகம் வர்றது டிரான்ஸ்ஃபார்மர் தொட்டியில இருந்து இல்ல, அந்த கனமான எல்டி கம்பிங்கள்ல இருந்துதான்.

மேடவாக்கம் அப்பார்ட்மென்ட்ல அப்புறம் என்ன பண்ணோம்னு சொல்றேன். முதல்ல ஒரு ராத்திரி வோல்டேஜ் எடுத்தோம், ஏறித்தான் இருந்துச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமை லைன் கிளியர் (கரண்டை நிறுத்தி வேலை செய்யற அனுமதி) வாங்கி, ரெண்டு பக்கமும் எர்த் பண்ணி, வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கற டேப் ஸ்விட்சை ஒரு படி மாத்தினோம், கோர் மேல இருந்த அழுத்தம் குறைஞ்சுது. இதை யாரும் சொந்தமா தொடாதீங்க, கரண்ட் இருக்கறப்ப அந்த ஸ்விட்சைத் திருப்பினா அங்கேயே வெடிக்கும். எண்ணெயை ஆற வைக்கற ரேடியேட்டர் பக்கம் ரெண்டு போல்ட் லூசா இருந்துச்சு. வேலிக்கு கம்பி வலை இல்லாம தகரம் அடிச்சிருந்தாங்க, அந்தத் தகரம் தனியா அதிர்ந்துட்டு இருந்துச்சு, கழட்டிட்டு வலை போட்டோம். சக்கரத்துக்கு அடியில ரப்பர் பேட் வெச்சோம். உள்ள போற காத்துல ஈரத்தை உறிஞ்சற சிலிக்கா ஜெல், நீலமா இருக்க வேண்டியது வெளுத்த ரோஸ் கலர்ல கிடந்துச்சு, ரொம்ப நாளா யாரும் பாக்கலன்னு அர்த்தம், ஈரம் எண்ணெய்க்குள்ள போயிட்டிருக்கு. அதையும் மாத்தி, எண்ணெயை டெஸ்டுக்கு அனுப்பினோம்.

சத்தம் குறைஞ்சுது, போகல. மூலை அப்படியேதானே இருக்கு. வடக்குப் பக்கம் விசிட்டர் பார்க்கிங்ல மூணு கார் இடத்தை விட்டுக் குடுத்தா திறந்த வெளி கிடைக்கும், பக்கத்துல படிக்கட்டுச் சுவர்தான், ஜன்னல் எதுவும் இல்ல, லாரி நேரா வரலாம். எஸ்டிமேட் போட்டுக் குடுத்தேன். ரெண்டு மீட்டிங்ல பார்க்கிங் போகுதுன்னு தகராறு. மூணாவது மீட்டிங்குக்கு அந்த அம்மா மாடிப்படி இறங்கி வந்தாங்க, பேசல, செயலாளரையும் எதிர்ப்பு சொன்ன ரெண்டு பேரையும் ராத்திரி பன்னெண்டுக்கு தன் ரூமுக்கு வரச் சொல்லி, கட்டிலை பழையபடி சுவரை ஒட்டித் தள்ளிப் போட்டு, ஒவ்வொருத்தரா தலை வெச்சுப் படுக்கச் சொன்னாங்க. தை மாசம் பீடம் கட்டற வேலை ஆரம்பிச்சோம்.